கேள்வி – பதில்: கரண்டையும் ஹேக் பண்ண முடியுமா?

சில இதழ்களுக்கு முன் ஒரு பதிலின் நடுவே, மின்சார நிலையங்கள் மீது நடக்கும் கம்ப்யூட்டர் தாக்குதல்களைப் பற்றி இரண்டு வரி எழுதியிருந்தேன். அதன்பிறகு அதைப் பற்றியே கேள்விகள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் இந்த முறை வேறு எதையும் தொடவில்லை.

எங்கள் தெருவில் கரண்ட் போனால் போதும், உடனே வாட்ஸ்அப்பில் 'சைபர் அட்டாக்' என்று மெசேஜ் சுற்ற ஆரம்பித்துவிடுகிறது. எங்கோ ஒரு நாட்டில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு ஊரின் கரண்டை நிறுத்த முடியுமா, இல்லை எல்லாம் கட்டுக்கதையா?
— வாசகி, மதுரை

உங்கள் தெருவில் கரண்ட் போனதற்குக் காரணம் கம்பியில் உரசிய மரக்கிளையாகவோ, சூடேறிப் போன டிரான்ஸ்பார்மராகவோ, மாதாந்திரப் பராமரிப்பாகவோதான் இருக்கும். அந்த மெசேஜை அடுத்தவருக்கு அனுப்பாதீர்கள். ஆனால் முடியுமா என்று கேட்டால், முடியும். நடந்தும் இருக்கிறது.

2015 டிசம்பர் 23, மேற்கு உக்ரைனில் இவானோ-ஃபிராங்கிவ்ஸ்க் என்ற ஊர், மாலை மூன்றரை மணி, குளிர்காலம். மின் விநியோக நிறுவனத்தின் கட்டுப்பாட்டு அறையில் ஓர் ஊழியர் தன் திரையில் மவுஸ் அம்பு தானாக நகர்வதைப் பார்க்கிறார். அவர் கை மவுஸில் இல்லை. அம்பு நேராக ஒரு சப்-ஸ்டேஷனின் பிரேக்கர் இருக்கும் இடத்துக்குப் போகிறது, கிளிக் செய்கிறது, 'உறுதியாகவா?' என்று கேட்கும் பெட்டியிலும் கிளிக் செய்கிறது, பிரேக்கர் திறந்துகொள்கிறது (திறந்தால் மின்சாரம் நின்றுவிடும் என்று அர்த்தம்), அந்த வட்டாரம் முழுக்க இருட்டாகிறது. அவர் மவுஸைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறார், ஒன்றும் அசையவில்லை. கம்ப்யூட்டர் அவரை வெளியே தள்ளிவிட, திரும்ப உள்ளே போகப் பார்த்தால் பாஸ்வேர்டு மாற்றப்பட்டிருக்கிறது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்பு அடுத்த பிரேக்கருக்கு நகர்கிறது.

அன்றைக்கு மூன்று விநியோக நிறுவனங்கள் ஏறக்குறைய ஒரே நேரத்தில் தாக்கப்பட்டன. சுமார் 2,25,000 இணைப்புகளுக்கு மின்சாரம் போனது. கம்ப்யூட்டர் வழியாக ஒரு பொதுமின் விநியோகத்தை நிறுத்தியதாக உலகம் உறுதிசெய்த முதல் சம்பவம் இதுதான்.

எப்படி நுழைந்தார்கள் தெரியுமா? பல மாதங்களுக்கு முன்பே, அலுவலகக் கம்ப்யூட்டர்களுக்கு வந்த ஒரு மெயில் இணைப்பு வழியாக. ஃபைலைத் திறந்தால் 'மேக்ரோவை (ஃபைலுக்குள் இருக்கும் குட்டி நிரல்) அனுமதிக்கவும்' என்று ஒரு பட்டை வரும், யாரோ ஒருவர் அனுமதித்தார், 'பிளாக் எனர்ஜி' என்ற வைரஸ் உள்ளே உட்கார்ந்துகொண்டது. அதன்பிறகு அவர்கள் அவசரப்படவே இல்லை. மாதக்கணக்கில் இருந்து, யார் யாருக்கு என்ன பாஸ்வேர்டு, எந்த சப்-ஸ்டேஷனை எந்தத் திரையிலிருந்து இயக்குகிறார்கள் என்று எல்லாம் பார்த்துவைத்துக்கொண்டார்கள். ஊழியர்கள் வெளியிலிருந்து உள்ளே நுழைய வி.பி.என். வழி ஒன்று இருந்தது, அதற்கு பாஸ்வேர்டு மட்டும் போதும், நம் வங்கிக்கு வருவதுபோல ஓ.டி.பி. எதுவும் கிடையாது. திருடிய பாஸ்வேர்டோடு முன்வாசல் வழியாகவே வந்தார்கள்.

பிரேக்கரைத் திறந்ததைவிட, திரும்பக் கரண்ட் வரக்கூடாது என்பதற்காக அவர்கள் செய்த வேலைகள்தான் எனக்குப் பெரிய பாடமாகத் தெரிகின்றன. சப்-ஸ்டேஷனுக்கும் கட்டுப்பாட்டு அறைக்கும் நடுவே தகவல் கடத்தும் சிறு பெட்டிகளுக்குள் பழுதான மென்பொருளை ஏற்றி அவற்றை நிரந்தரமாகச் செயலிழக்கச் செய்தார்கள். அதனால் இங்கிருந்து கட்டளை கொடுத்தாலும் அங்கே போகாது. கட்டுப்பாட்டு அறைக்கு பேக்கப் கொடுக்கும் யு.பி.எஸ்.ஸையும் நிறுத்தினார்கள். ஊருக்கு வெளிச்சம் கொடுக்க வேண்டியவர்களே இருட்டில் உட்கார்ந்திருந்தார்கள். வாடிக்கையாளர் சேவை எண்ணுக்கு ஆயிரக்கணக்கில் போலி அழைப்புகளைக் கொட்டினார்கள், உண்மையாகவே கரண்ட் போனவர்கள் கூப்பிட்டால் லைன் கிடைக்கக்கூடாது என்பதற்காக. கடைசியில் கம்ப்யூட்டர்களில் இருந்ததை அழித்துவிட்டுப் போனார்கள்.

அப்படியும் 6 மணி நேரத்துக்குள் எல்லா இடத்திலும் கரண்ட் வந்துவிட்டது. ஊழியர்கள் வண்டியை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு சப்-ஸ்டேஷனாகப் போய், பிரேக்கரைக் கையால் போட்டார்கள், அவ்வளவுதான். அந்த சப்-ஸ்டேஷன்களில் பழைய கைப்பிடிகளும் சுவிட்சுகளும் இன்னும் வேலை செய்தன, அவற்றை இயக்கத் தெரிந்த மனிதர்களும் சம்பளப் பட்டியலில் இருந்தார்கள். செயலிழந்த பெட்டிகளுக்கு மாற்று வரும்வரை பல மாதங்கள் அப்படியே கையால்தான் ஓட்டினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து, கிரிட்டைப் (மின் நிலையங்களையும் ஊர்களையும் இணைக்கும் மின்பின்னல்) பாதுகாப்பது என்ற பேச்சு வந்தாலே எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஃபயர்வால் (நெட்வொர்க்கின் வாசலில் நிற்கும் காவல் கருவி) இல்லை, வண்டி ஓட்டிப்போன அந்த ஊழியர்கள்தான்.

அடுத்த ஆண்டு, 2016 டிசம்பர் 17 இரவு, கீவ் நகருக்கு அருகே ஒரு பெரிய சப்-ஸ்டேஷன் தாக்கப்பட்டு நகரின் ஐந்தில் ஒரு பங்கு மின்சாரம் சுமார் ஒரு மணி நேரம் போனது. இந்த முறை மவுஸை நகர்த்த ஆள் தேவைப்படவில்லை. 'இண்டஸ்ட்ராயர்' என்று பெயர் பெற்ற அந்த நிரலுக்கு சப்-ஸ்டேஷன் கருவிகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் மொழியே தெரிந்திருந்தது. அந்த மொழி உக்ரைனுக்கு மட்டும் உரியது இல்லை, பல நாடுகளில் அதே மொழிதான். இரண்டு தாக்குதல்களுக்கும் ரஷ்ய ராணுவ உளவுத்துறை அதிகாரிகள் ஆறு பேர் மீது 2020இல் அமெரிக்கா குற்றம்சாட்டியது. 2022 ஏப்ரலில் அதே நிரலின் இரண்டாவது வடிவத்தை மறுபடி உக்ரைனில் ஏவினார்கள், அதை உக்ரைன் நிபுணர்கள் தடுத்துவிட்டார்கள். அடி வாங்கியவர்கள் கற்றுக்கொண்டார்கள் என்பது அந்த இடைப்பட்ட ஆண்டுகளில் தெரிகிறது.

2019இல் கூடங்குளத்தில் வைரஸ் புகுந்ததாகச் செய்தி வந்ததே சார். நாங்கள் உலைக்குப் பக்கத்திலேயே குடியிருக்கிறோம். உண்மையைச் சொல்லுங்கள்.
— வாசகர், ராதாபுரம்

உங்கள் கவலை நியாயமானது. நடந்ததை அப்படியே சொல்கிறேன்.

2019 அக்டோபர் கடைசியில் செய்தி வெளியானதும், 29ஆம் தேதி அணுமின் நிலையம் சார்பில் மறுப்பு வந்தது. கட்டுப்பாட்டுக் கருவிகள் தனித்து இயங்குபவை, வெளி நெட்வொர்க்கோடு தொடர்பே இல்லாதவை, எனவே தாக்குதல் சாத்தியமில்லை என்றார்கள். மறுநாள் 30ஆம் தேதி இந்திய அணுமின் கழகம் வைரஸ் இருந்தது உண்மைதான் என்று ஒப்புக்கொண்டது. நிர்வாக வேலைகளுக்காக இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டிருந்த ஒரு கம்ப்யூட்டரில் அது இருந்தது, உலையை இயக்கும் நெட்வொர்க் அதிலிருந்து தனியாகப் பிரிந்திருப்பது, அது பாதிக்கப்படவில்லை என்றார்கள். மத்திய அரசின் கணினி அவசரகாலக் குழு செப்டம்பர் 4ஆம் தேதியே இதைச் சொல்லிவிட்டது என்பதும் அதே அறிக்கையில் இருந்தது. அந்த வைரஸின் பெயர் 'டிட்ராக்'. கம்ப்யூட்டரில் இருக்கும் தகவல்களை வேவு பார்த்து அனுப்புகிற வகை.

ஆக, உலையை யாரும் தொடவில்லை. அதில் நீங்கள் நிம்மதியாக இருக்கலாம். ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விடமாட்டேன். செப்டம்பர் முதல் வாரத்தில் தெரிந்த விஷயத்தைப் பக்கத்து ஊர் ஜனங்கள் அக்டோபர் கடைசியில், அதுவும் ஒரு மறுப்புக்குப் பிறகு தெரிந்துகொண்டார்கள். இது தவறு. உக்ரைனிலும் திருட்டு இந்த மாதிரி ஒரு அலுவலகக் கம்ப்யூட்டரில்தான் தொடங்கியது. 'அது வெறும் ஆபீஸ் கம்ப்யூட்டர்' என்று யாராவது சொன்னால் அதை முழுப் பதிலாக ஏற்றுக்கொள்ளாதீர்கள்.

நான் எலெக்ட்ரிக்கல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். மின் நிலையங்களையும் சப்-ஸ்டேஷன்களையும் இன்டர்நெட்டிலிருந்து மொத்தமாகப் பிரித்துவிட்டால் பிரச்சினை தீர்ந்ததே, ஏன் செய்யமாட்டேன் என்கிறார்கள்?
— மாணவர், கோவை

தம்பி, இந்தக் கேள்வியை எல்லோரும் கேட்கிறார்கள், நானும் ஒரு காலத்தில் கேட்டேன்.

முதலில், பிரித்துவைத்தாலும் வரும். ஈரானின் நதான்ஸ் யுரேனியம் செறிவூட்டும் ஆலை வெளி உலகத்தோடு இணைக்கப்படாத ஒன்றுதான். 2010இல் வெளியே தெரியவந்த 'ஸ்டக்ஸ்நெட்' பென் டிரைவ் வழியாகவும் பரவக்கூடியதாக எழுதப்பட்டிருந்தது. அங்கே சுழலும் எந்திரங்களின் வேகத்தை அது தாறுமாறாக மாற்றிக்கொண்டே, ஊழியர்களின் திரையில் எல்லாம் சரியாக இருப்பதுபோலப் பழைய அளவுகளைக் காட்டியது. ஒரு எந்திரத்துக்கு சர்வீஸ் செய்ய வரும் ஆளின் லேப்டாப் எங்கெங்கே போய் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

இரண்டாவது, மொத்தமாகப் பிரிக்கவே முடியாது. நீ படிக்கிற விஷயம்தான், ஆனாலும் மற்ற வாசகர்களுக்காகச் சொல்கிறேன். தேர் இழுக்கும்போது வடம் பிடித்த அத்தனை பேரும் ஒரே குரலுக்கு ஒரே நேரத்தில் இழுப்பார்கள் இல்லையா, அதுமாதிரி நாடு முழுக்க உள்ள ஜெனரேட்டர்கள் எல்லாம் நொடிக்கு 50 மின் அலை என்ற ஒரே தாளத்தில் போக வேண்டும். 50 ஹெர்ட்ஸ் என்பது அதுதான். செலவாகும் மின்சாரமும் உற்பத்தியாகும் மின்சாரமும் அந்தந்த நொடியே சமமாக இருந்தால்தான் அந்தத் தாளம் நிற்கும். காற்றாலைகள் இருக்கும் ஆரல்வாய்மொழியிலும் முப்பந்தலிலும் காற்று சட்டென்று விழுந்தால் அது சென்னையில் உள்ள லோடு டெஸ்பாட்ச் சென்டருக்கு (உற்பத்தியையும் செலவையும் சமன்படுத்தும் மையம்) உடனே தெரிய வேண்டும், வேறு நிலையத்தை ஏற்றச் சொல்ல வேண்டும். தகவல் ஓடாமல் கிரிட் ஓடாது.

அந்தத் தாளம் தவறினால் என்ன ஆகும் என்பதை 2007இல் அமெரிக்காவின் ஐடஹோ ஆய்வகத்தில் செய்து பார்த்தார்கள். 2.25 மெகாவாட் டீசல் ஜெனரேட்டர் ஒன்று. அதன் பாதுகாப்பு ரிலேவுக்குள் கம்ப்யூட்டர் வழியாகப் புகுந்து, பிரேக்கரைத் திறந்து, தாளம் விலகிய நேரம் பார்த்து மறுபடி மூட வைத்தார்கள். ஒவ்வொரு முறையும் எந்திரம் துள்ளியது, பாகங்கள் தெறித்தன, சில நிமிடங்களில் புகை கக்கி நின்றுவிட்டது. எந்திரத்தைக் காப்பாற்றுவதற்காக வைத்த ரிலேவே அதைக் கொன்றது. இதைவிடக் கவலை தருவது 2017இல் சவுதியில் ஒரு பெட்ரோகெமிக்கல் ஆலையில் கண்டுபிடிக்கப்பட்ட 'டிரைட்டன்'. அது குறிவைத்தது, அபாயம் வந்தால் ஆலையைத் தானாக நிறுத்தும் கடைசிப் பாதுகாப்புக் கருவியை. அந்தக் கருவி எதற்காக இருக்கிறது? மனித உயிரைக் காக்க. அதைச் செயலிழக்கச் செய்ய நினைக்கிறவன் கரண்டை நிறுத்துவதோடு விடமாட்டான். நல்லவேளையாக அந்த நிரலிலேயே பிழை இருந்து ஆலை நின்றுபோனதால் மாட்டிக்கொண்டது.

சரி, அப்படியென்றால் வழி என்ன? பிரிக்க முடிந்ததைப் பிரிப்பது. அலுவலக நெட்வொர்க் வேறு, எந்திரங்களை இயக்கும் நெட்வொர்க் வேறு, நடுவே காவல். தகவல் வெளியே மட்டும் போகும், உள்ளே எதுவும் திரும்ப வராது என்கிற ஒருவழிக் கருவிகள் இருக்கின்றன, அவற்றை வைக்கலாம். பாதுகாப்புக் கருவிகளின் சாவியைப் பூட்டு நிலையில் திருப்பி, சாவியைக் கழற்றி எடுத்துவைக்கலாம் (டிரைட்டன் விஷயத்தில் அந்தச் சாவி மாற்றியமைக்க அனுமதிக்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது). நீ படிப்பு முடித்து வரும்போது பவர் சிஸ்டமும் நெட்வொர்க்கும் இரண்டுமே தெரிந்த ஆளாக வா. ஒன்று தெரிந்தவர்கள் நிறைய இருக்கிறார்கள், இரண்டும் தெரிந்தவர்கள் குறைவு.

2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் மொத்தமாகக் கரண்ட் போனது, நான் லோக்கல் டிரெயினில் மாட்டிக்கொண்டேன். சீனாவின் வேலை என்று பிறகு சொன்னார்களே?
— வாசகர், தாராவி, மும்பை

2021 பிப்ரவரி கடைசியில் ஒரு அமெரிக்க நிறுவனம், சீனாவோடு தொடர்புடைய ஒரு குழு நம் மின்துறையின் லோடு டெஸ்பாட்ச் சென்டர்களைக் குறிவைத்தது என்று அறிக்கை வெளியிட்டது. நம் தூத்துக்குடி வ.உ.சி. துறைமுகத்தின் பெயரும் அந்தப் பட்டியலில் இருந்தது. மும்பை இருட்டுக்கும் இதற்கும் தொடர்பு இருக்கலாம் என்று மகாராஷ்டிர உள்துறை அமைச்சர் சொன்னார். மத்திய மின்துறை அமைச்சர் அதை மறுத்து, மும்பையில் நடந்தது மனிதத் தவறு என்றார். அந்த அமெரிக்க நிறுவனமும் தொடர்பை நிரூபித்துவிட்டதாகச் சொல்லவில்லை. எனவே அன்று உங்கள் ரயில் நின்றதற்கு சீனாதான் காரணம் என்று நான் எழுதமாட்டேன். ஆனால் குறிவைத்தது நிற்கவில்லை. 2022 ஏப்ரலில், லடாக் எல்லைக்கு அருகே உள்ள வட இந்திய லோடு டெஸ்பாட்ச் சென்டர்கள் பற்றி இன்னொரு அறிக்கை வந்தது. அதில் இன்டர்நெட்டில் இணைக்கப்பட்டிருந்த சி.சி.டி.வி. கேமராக்களையும் அவற்றின் ரெக்கார்டர்களையும் கைப்பற்றி, அவற்றின் வழியாகத் தாக்குதலை நடத்தினார்கள். எங்கோ யாரோ மாட்டிய கேமரா இப்படிப் பயன்படுகிறது.

எங்கள் வீட்டு மாடியில் சோலார் போட்டிருக்கிறோம், செல்போனிலேயே எவ்வளவு யூனிட் என்று பார்க்கலாம். ஸ்மார்ட் மீட்டரும் வரப்போகிறது என்கிறார்கள். இதெல்லாம் ஆபத்தா?
— வாசகர், ஈரோடு

ஒரு வீட்டின் இன்வெர்ட்டரை ஒருவன் நிறுத்தினால் உங்களுக்கு மட்டும்தான் நஷ்டம். ஒரே கம்பெனியின் லட்சம் இன்வெர்ட்டர்களை ஒரே நொடியில் நிறுத்தினால் ஒரு பெரிய மின் நிலையம் விழுந்ததற்குச் சமம். மேலே சொன்ன தேர் ஞாபகம் இருக்கட்டும், வடம் பிடித்தவர்களில் ஒரு கூட்டம் திடீரென்று கையை விட்டால் எப்படியோ அப்படி. ஸ்மார்ட் மீட்டரும் இதே கதைதான். நாடு முழுக்க 25 கோடி மீட்டர் மாற்றுவதாகத் திட்டம். அந்த மீட்டரில் தூரத்திலிருந்தே இணைப்பைத் துண்டிக்கும் வசதி உண்டு. பணம் கட்டாதவரைத் துண்டிக்க வைத்த வசதி, தவறான கையில் போனால் ஒரு மாவட்டத்தையே துண்டிக்கும். இதனால் மீட்டரே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, கட்டளை அனுப்பும் அந்த சர்வருக்கு யார் பொறுப்பு, ஒரே நேரத்தில் எத்தனை இணைப்பைத் துண்டிக்கலாம் என்று உச்சவரம்பு இருக்கிறதா என்று மக்கள் பிரதிநிதிகள் கேட்க வேண்டும் என்கிறேன்.

உங்கள் பங்குக்கு, இன்வெர்ட்டரோடு வந்த பாஸ்வேர்டை இன்றைக்கே மாற்றிவிடுங்கள். அப்புறம் அப்டேட் வந்தால் போடுங்கள். 2023 மே மாதம் டென்மார்க்கில் 22 எரிசக்தி நிறுவனங்கள் தாக்கப்பட்டன, முதல் அலை ஃபயர்வாலில் போடாமல் விட்ட ஒரு அப்டேட்டால் தொடங்கியது. புதுசாக வாங்கியதுதானே, எல்லாம் போட்டுத்தான் வந்திருக்கும் என்று சிலர் நினைத்திருந்தார்கள். விற்றவர் பார்த்துக்கொள்வார் என்று சிலர் நினைத்திருந்தார்கள்.

'பில் கட்டவில்லை, இன்று இரவு 9.30 மணிக்கு இணைப்பு துண்டிக்கப்படும், இந்த அதிகாரியைக் கூப்பிடவும்' என்று மெசேஜ் வந்தது. இதுவும் ஹேக்கிங்தானா?
— வாசகி, தாம்பரம்

மோசடிம்மா. கூப்பிடாதீர்கள், அவர்கள் அனுப்பும் எந்த ஆப்பையும் போனில் ஏற்றாதீர்கள். ஏற்கெனவே பணம் போயிருந்தால் தாமதிக்காமல் 1930க்குப் பேசுங்கள்.

நான் ஒரு சப்-ஸ்டேஷனில் வேலை செய்கிறேன், பெயர் போட வேண்டாம். பழைய ஆட்கள் ஒவ்வொருவராக ஓய்வு பெறுகிறார்கள். புதிதாக வருபவர்களுக்குத் திரையில் மட்டும்தான் இயக்கத் தெரிகிறது. எங்கள் மட்டத்தில் நாங்கள் என்ன செய்ய முடியும்?
— வாசகர், திருச்சி மாவட்டம்

இந்த வாரம் வந்ததில் உங்கள் கடிதத்தைத்தான் இரண்டு முறை படித்தேன்.

மத்திய மின்சார ஆணையம் 2021 அக்டோபரில் மின்துறைக்கென்று பாதுகாப்பு வழிகாட்டுதல்களை வெளியிட்டது. ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தகவல் பாதுகாப்புக்கென்று ஒரு தலைமை அதிகாரி இருக்க வேண்டும், இயக்கும் கருவிகள் இன்டர்நெட்டிலிருந்து பிரிந்திருக்க வேண்டும், ஊழியர்களுக்குப் பயிற்சி வேண்டும் என்றெல்லாம் அதில் இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் அந்த அதிகாரி யார், அவருடைய போன் நம்பர் என்ன என்பது கட்டுப்பாட்டு அறைச் சுவரில் எழுதியிருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் முதலில் அதைக் கேட்டு வாங்குங்கள்.

பிறகு நீங்களே பார்க்கக்கூடியவை. நான் போன ஒரு இடத்தில் (பெயர் வேண்டாம்) ஸ்காடா கம்ப்யூட்டரின் (சப்-ஸ்டேஷனைத் திரையிலிருந்து கண்காணித்து இயக்குவது) பாஸ்வேர்டை ஒரு சீட்டில் எழுதி மானிட்டரிலேயே ஒட்டியிருந்தார்கள், மூன்று ஷிப்டுக்கும் ஒரே பாஸ்வேர்டு. அதே கம்ப்யூட்டரில் யாரோ செல்போனைச் சார்ஜ் போட்டிருந்தார்கள். அந்த யு.எஸ்.பி. துளைதான் வாசல், அதை அடைத்துவிடுங்கள். சார்ஜ் போட சுவரில் ஒரு பிளக் பாயிண்ட் கொடுத்தால் யாரும் கம்ப்யூட்டரைத் தேடமாட்டார்கள். சர்வீஸ் கம்பெனிக்காரர் தூரத்திலிருந்து உள்ளே வந்து பார்க்கும் இணைப்பு இருந்தால், அவர் கேட்கும்போது மட்டும் திறந்து, வேலை முடிந்ததும் மூடி, நேரத்தை லாக் புக்கில் எழுதுங்கள். மவுஸ் தானாக நகர்ந்தாலோ, நீங்கள் கொடுக்காத கட்டளை பதிவாகியிருந்தாலோ, நாம் சொன்னால் நம்மையே குற்றம் சொல்வார்களோ என்று தயங்க வேண்டாம், அந்த நிமிடமே மேலே சொல்லுங்கள். மேலே இருப்பவர்கள் அப்படிச் சொன்னவரைத் தண்டிக்கவும் கூடாது. இது அதிகாரிகள் படிப்பதற்காகவே எழுதுகிறேன்.

கையால் இயக்கும் விஷயத்துக்கு வருகிறேன். ஓய்வு பெறப்போகிற மூத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியும். அவர் போவதற்கு முன், ஒவ்வொரு ஃபீடருக்கும் (சப்-ஸ்டேஷனிலிருந்து ஊர்களுக்குப் போகும் மின்பாதை) லோக்கல் பேனலில் எந்த வரிசையில் எதைத் திருப்ப வேண்டும், எந்த பிரேக்கரின் ஸ்பிரிங்கைக் கையால் முறுக்க வேண்டும், கைப்பிடி எந்த அலமாரியில் இருக்கிறது, எந்த ஐசோலேட்டர் (லைனைத் தனியாகப் பிரிக்கும் சுவிட்ச்) மழைக்காலத்தில் இறுகும் என்று அவரைச் சொல்லச் சொல்லி ஒரு நோட்டில் எழுதுங்கள். கம்ப்யூட்டரில் வேண்டாம், நோட்டில். செல்போன் டவருக்கும் கரண்ட் வேண்டும் என்பதால், அன்றைக்குப் போன் வேலை செய்யாது என்று வைத்துக்கொண்டு, பக்கத்து சப்-ஸ்டேஷனோடு எப்படிப் பேசுவது என்பதையும் அதிலேயே எழுதுங்கள்.

மாதாந்திரப் பராமரிப்புக்கு எப்படியும் ஷட்டவுன் எடுப்பீர்கள். அடுத்த முறை வேலை முடிந்து, எல்.சி. (லைனில் வேலை செய்யக் கொடுக்கும் அனுமதிச் சீட்டு) எல்லாம் திரும்ப வந்தபிறகு, ஒரு ஃபீடருக்காவது திரையிலிருந்து மின்சாரம் கொடுக்காமல், புதிதாக வந்த பையன் ஒருவன் பேனலுக்குப் போய் மூத்தவர் பக்கத்தில் நிற்க, அவனே கையால் பிரேக்கரைப் போடட்டும். உங்கள் ஏ.இ.யிடம் (உதவிப் பொறியாளர்) முன்கூட்டியே எழுத்தில் அனுமதி கேளுங்கள். என்ன பதில் வந்தது என்று எனக்கு எழுதுங்கள், அப்போதும் பெயர் போடமாட்டேன்.